புருவத்தைக் கொடுத்துப் பார்த்த பள்ளி

மைசூரில் சேர்ந்து படிக்க அழகுக்கலைப் பள்ளி தேடி அலைந்தபோது சுவரில் தொங்கிய சான்றிதழ்களை நான் நம்பவில்லை. சட்டம் போட்டு எதை வேண்டுமானாலும் மாட்டலாம். போகும் பள்ளியில் எல்லாம் ஒரு மாணவியிடம் என் புருவத்தைத் திருத்தச் சொல்வேன்.

மூன்றாவது பள்ளியில் கொள்ளேகாலத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நூலைப் பல்லில் கடிக்கும் முன் காதருகே குனிந்தாள்.

"ஆறு மாசமா இங்க படிக்கிறேன் அக்கா. ஒருத்தர் முகத்துல கை வைக்கிறது இதுதான் மொத தடவ. மேடம்கிட்ட சொல்லிடாதீங்க."

எழுந்துவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் கண்ணை மூடி, இமைத் தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்தேன். நூல் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கியது. சுருக்கென்று வலித்தது, ரத்தம் கசிந்தது.

பயிற்சியாளர் மேடம் ஓடிவந்து நூலைப் பிடுங்கினார். "ஸ்வல்ப இருங்க, கொஞ்ச நேரந்தான், நானே முடிச்சுடறேன்" என்றார் என்னிடம். என்ன தப்பு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பஞ்சைப் பிடித்தபடி சுவரோரம் போய் நின்றாள்.

கண்ணாடியில் இரண்டு புருவமும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன.

"எப்போ சேர்றீங்க?" என்றார் பயிற்சியாளர்.

பையை எடுத்தேன். சுவரோரம் அவளுக்குப் பக்கத்தில், சேர்ந்தால் நானும் நிற்க இடம் இருந்தது.