கன்னத்துப் பொட்டு

மகளின் முதலாவது பிறந்தநாளன்று மண்டபத் திரையில் போடுவதற்காக, அவள் முதன்முதலாக நடந்த வீடியோவைக் கணினியில் கண்ணாடி ஓவியமாக மாற்றத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனைத் தேவாலய யன்னல்களில் இருப்பதுபோல நிறத் துண்டுகளும் அவற்றைச் சேர்க்கும் கறுப்பு ஈயக் கோடுகளுமாக அவள் நடந்துவர வேண்டும். குழந்தை பிறக்குமுன் இப்படியான வேலைதான் பார்த்தேன். ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முடியவில்லை. காலையில் குளிக்கவைத்து அவள் இடது கன்னத்தில் நான் வைக்கும் பெரிய கறுத்த பொட்டை மென்பொருள் ஈயம் என்று எடுத்துக்கொண்டது. அதிலிருந்து கண்ணுக்கும் வாய்க்கும் கோடுகள் ஓடின. படத்துக்குப் படம் அவை இடம் மாறின. பிள்ளையின் முகம் திரும்பத் திரும்ப உடைந்தது.

"பொட்டை அழிச்சுவிடுமன்," என்றார் கணவர். "ரெண்டு நிமிஷ வேலை."

"அவ்வளவு சனத்துக்கு முன்னால வெறுங் கன்னத்தோடயோ?" அவருடைய அம்மா குசினியிலிருந்து கேட்டார். "கண்ணூறு நாவூறு படாதோ?"

"அது படமம்மா. படத்துக்கும் காய்ச்சல் வருமோ?"

"நீ பேசாமல் இரு. போன மாசம் போன்ல படம் அனுப்பினதுக்குப் பிள்ளைக்கு மூண்டு நாள் வயித்தால போனது, மறந்திட்டியோ?"

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். முதற்படத்தில் பொட்டை அழித்தேன். உடனே திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடி அழித்தேன். கடைசியில், பொட்டைத் தனிக் கண்ணாடித் துண்டாக ஒவ்வொரு படத்திலும் கையால் குறிப்பது என்று முடிவெடுத்தேன். அப்படிச் செய்தால் கோடுகள் அதில் ஒட்டா. ஆறு செக்கன் வீடியோதான், ஆனால் நூற்றைம்பது படங்கள்.

நாலாவது செக்கனில் கை நின்றது. அவள் தலையணையில் விழுந்து எழும்பி, கைமுட்டியால் கன்னத்தைத் தேய்க்கிறாள். பிறகு பொட்டே இல்லை. கடைசி இரண்டு அடிகளையும் வெறுங் கன்னத்தோடுதான் நடந்திருக்கிறாள். படம் எடுத்துக்கொண்டு நின்ற நான் கவனிக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சளி பிடித்ததா? போனில் திகதியைப் பார்த்தேன். டொக்டர் எழுதித் தந்த துண்டுகளை எல்லாம் எடுத்து ஒத்துப் பார்த்தேன். அந்தக் கிழமை ஒன்றுமே இல்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திரும்பவும் ஒருமுறை பார்த்தேன்.

பிறகு உட்கார்ந்து, மிச்சப் படங்களிலும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தேன்.

பின்னால் வந்து நின்ற கணவர் குனிந்து பார்த்தார். "இல்லாத இடத்திலயும் வைக்கிறீரோ?"

"ஓம்," என்றேன். "கொஞ்சம் பெரிசாவே வைக்கிறன்."