மேசை மேசையாய்த் தாவிய மணி

பால்கனிக் கம்பிக்குப் பெயின்டர் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே என் மனைவி கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று ஒரு குரல் கொஞ்சிக்கொண்டிருந்தது. பெயின்டில் கலக்கும் தின்னர் வாசனையும் அந்தக் குரலும் சேர்ந்து வந்ததுதான் தப்பு. எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்கச் செருப்பைக் குறுக்கே போட்டேன்.

"யாரு வர்றாங்க?" என்றாள்.

யாரும் வரவில்லை. நான் தப்பியோட வழி பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவன் இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு பீரோ செய்யும் கம்பெனி ஒன்றில் இளவயதில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். புதிதாக ஒரு டெலிபோன் பெட்டி வாங்கி மாட்டினார்கள். ஒரு மேசையில் நாலு மணி அடித்தும் எடுக்காவிட்டால் அழைப்பு தானாகவே அடுத்த மேசைக்குத் தாவிவிடும். "இனிமே ஒரு கால்கூட வேஸ்ட் ஆவாது" என்று மேனேஜர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் வேலைக்குப் பெயின்ட் எடுத்துவைக்க ஸ்டோர்ஸிலிருந்து நான் மட்டும் போயிருந்தேன். பெயின்ட் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதே என்று, நான் உள்ளே இருப்பதைப் பார்க்காமல், வாட்ச்மேன் பொறுப்பாக வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சத்தம் கேட்டுத் திரும்பிய வேகத்தில் என் கால் பட்டு ஒரு தின்னர் டின் கவிழ்ந்தது.

கண் எரிந்தது. காற்றாடியைப் போடலாம், ஆனால் சுவிட்சில் பொறி பறந்தால்? மயங்கிச் சாவதா, வெந்து சாவதா என்று எனக்கு நானே யோசனை கேட்டுக்கொண்டு நின்றேன். திருத்தணி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். பிழைத்தபின் மறந்துபோனேன், அவர் பிற்பாடு ஆளனுப்பாமல் முடியைத் தானே எடுத்துக்கொண்டார்.

சுவரில் போன் இருந்தது. வாட்ச்மேன் உட்காரும் வாசல் கேட்டுக்கு அடித்தேன்.

நான் கேட்ட சத்தத்தை எப்படிச் சொல்வது? தடுப்புச் சுவர் வெறும் அட்டை. தூரத்தில் கேட்டில் நாலு மணி. பிறகு காலியான அக்கவுன்ட்ஸில். பிறகு சேல்ஸில். பிறகு பூட்டிக்கிடந்த மேனேஜர் அறையில். ஆளில்லாத அறைகளுக்குள் என் உயிர் ஒவ்வொரு மேசையாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் கிரைண்டர் சத்தம். திங்கட்கிழமை இட்லிக்கு மாவாட்ட வந்திருந்த கேன்டீன் லூர்து அக்கா.

"ஆபீஸ் லீவுங்க. நாளைக்கு அடிங்க."

வைத்துவிட்டார்.

மறுபடி கேட். மறுபடி அக்கவுன்ட்ஸ். தலை சுற்றியது. ரிசீவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மேனேஜர் அறை மணியை எண்ணினேன். நாலுக்குப் பதில் நாற்பது அடித்ததுபோல் இருந்தது.

"ஒருதபா சொன்னா புரியாதா? யாரும் இல்லீங்க!"

"நான் கீறேன்க்கா! உள்ள கீறேன்!"

"எந்த உள்ள?"

"பெயின்ட் ரூமு!"

"இங்க கீறவன் இன்னாத்துக்கு போன் பண்ற? வந்து சொல்லேன்."

"கதவு பூட்டிக்கினு கீதுக்கா! செத்துருவேன்!"

கிரைண்டர் நிற்கவில்லை, ஆனால் பேச்சு நின்றது. மாவைக் கவனிக்கப் போய்விட்டார் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் தாழ்ப்பாள் சத்தம். கையெல்லாம் மாவோடு வாசலில் நின்றவர், என்னை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டுப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி பீரோ கலர்ல கீது?"

நான் அழவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். அவர் சேலை தோள்பக்கம் நனைந்தது வியர்வையாகக்கூட இருக்கலாம்.

அன்றிலிருந்து கேன்டீன் போன் எப்போது அடித்தாலும் லூர்து அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்: "உள்ள கீறியா, வெளிய கீறியா?" டெல்லி பார்ட்டி, வங்கிக்காரர், முதலாளி, எல்லோரும் அதற்குப் பதில் சொன்னபிறகுதான் மேலே பேச முடியும். மேனேஜர் கத்தினார். "கேக்காம வெச்சா இன்னா ஆவும்னு அந்தப் புள்ளயக் கேளு சார்" என்று அக்கா கரண்டியால் என்னைக் காட்டினார். நான் அவசரமாக இட்லியைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கட்டடம் இப்போது பார்சல் கிடங்கு. லூர்து அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனையோ இடங்களுக்குப் போன் அடிக்கிறேன். பெயர் கேட்கிறார்கள், எண் கேட்கிறார்கள், எந்த மொழி வேண்டும் என்றுகூடக் கேட்கிறார்கள். எங்கேயாவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறேனா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.