பிரஸ் அவளுக்கு, டை அவனுக்கு

மார்லிஸ் கெட்டர்லிங் சுண்டுவிரலை டை என்கிற எஃகு அச்சுக் குழலின் வாய்க்குள் விட்டு மெல்லச் சுழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கல்லாவுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிக் கடைக்காரர் ஓரின் ஃபியெல்ட் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விரல் மாட்டிக்கிச்சுன்னா அறுத்துத்தான் எடுக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

"விரலை அறுங்க ஓரின். டையைத் தொட்டுராதீங்க, நல்லா இருக்கு."

நல்லா இருக்கிறது என்றவள் வாங்கவில்லை. குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காற்றில் இறங்கிப் போனாள். செவ்வாய்க்கிழமைதோறும் இப்படித்தான்.

மான்டானாவின் இந்தக் கிழக்கு மூலையில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறிவதில்லை. பொறுக்கி வந்து கழுவி, திரும்ப மருந்தும் குண்டும் வைத்து அடைப்பார்கள். அதற்குப் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரம் வேண்டும். பிரஸ்ஸில் திருகுவதற்கு டைகள் வேண்டும். ஒரு டை கூட்டை நெருக்கிப் பழைய உருவுக்குக் கொண்டுவரும், இன்னொன்று வாயை விரிக்கும், அடுத்தது குண்டை அமர்த்தும். மார்லிஸிடம் இருப்பது சாதாரண பிரஸ் இல்லை. கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் கூடுகள் நிற்கும் அடித்தட்டு சுழன்று எல்லா வேலையும் ஒரே மூச்சில் நடக்கும். ஆனால் அதில் டை இல்லை. பல் பிடுங்கிய வாய் மாதிரி அவள் கொட்டகையில் நிற்கிறது.

டைகள் டுவேனிடம் இருக்கின்றன. அவன் அவளுடைய கணவனாக இருந்தவன். விவாகரத்தின்போது வீடும் வீட்டோடு முடுக்கப்பட்டிருப்பவையும் அவளுக்கு, கருவிப் பெட்டி அவனுக்கு என்று வக்கீல் பிரித்தார். பிரஸ் மேசையோடு முடுக்கப்பட்டிருந்தது. டைகள் பெட்டியில் இருந்தன. கையெழுத்துப் போடும்போது இரண்டு பேருக்குமே அது தெரியும். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

சண்டை, சச்சரவு, இன்னொருத்தி என்று எதுவும் கிடையாது. டுவேன் வில்லிஸ்டன் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். மூன்று மணி நேரக் கார்ப் பயணம்தான். முதலில் வாராவாரம் வந்தான், பிறகு மாதாமாதம், பிறகு பண்டிகைக்கு. வருகிறேன் என்று சொன்ன நாட்களில் அவள் நெஃப்லா சூப் வைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பாள். பாதையில் வண்டி விளக்கு தெரிந்தால் முடியைச் சரிசெய்துகொள்வாள். விளக்கு நேராகப் போய்விடும். சூப்பில் மாவு உருண்டைகள் ஊறிக் களியாகிவிடும். நாலாவது வருஷம் அவளே மனு கொடுத்தாள். அது முடிந்த அடுத்த இலையுதிர் காலத்தில் டுவேன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தான்.

மார்லிஸுக்குத் தானியக் கிடங்கில் எடை போடும் வேலை. கோதுமை லாரி மேடையில் ஏறி நின்றதும் ஜன்னலைத் திறந்து, "பிரேக்கை விட்டு காலை எடு, எறங்கு, உன்னையும் சேத்தா எடை போடணும்?" என்று அதட்டுவாள். லாரிக்காரர்களுக்கு அவள் அதட்டல் பிடிக்கும். மதியம் ரொட்டிக்கு நடுவில் ஊறுகாய் வெள்ளரியை வைத்து, நின்றுகொண்டே தின்பாள். உட்கார்ந்தால் நினைப்பு வருகிறதாம்.

மே மாதம் தொடங்கினால் சனிக்கிழமைகளில் ஊர்க்கோடி ஜல்லிப் பள்ளத்தில் போட்டி நடக்கும். இரும்புத் தகடுகளைக் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்த வேண்டும். ஒரு காலத்தில் மார்லிஸ் சுட எழுந்தால் மற்றவர்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு வருஷமாக அவள் போகவில்லை. கடைத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகாது என்பாள். அது உண்மைதான். டுவேன் அங்கே இருப்பான் என்பதும் உண்மை. அவன் இருப்பான் என்பதால் போகப் பிடிக்கவில்லை, அவன் இருப்பான் என்பதால்தான் போகவும் ஏங்கினாள். தோட்டாவின் விலையைச் சொல்வது சுலபமாக இருந்தது.

ஜனவரியில் ஓரினிடம் இருப்பதிலேயே மலிவான டைகளை வாங்கிப் போனாள். உள்ளே கெட்டி வளையம் பதித்தவை, கூட்டுக்கு எண்ணெய் பூச வேண்டாம். அடிவாயும் அகலம், கூடு வழுக்கிக்கொண்டு ஏறும். ஆனால் உயரம் பற்றவில்லை. அவள் பிரஸ்ஸில் டை திருகும் மேல்தட்டு தடிமன். டையைத் திருகியபின், அதை அசையாமல் இறுக்கும் பூட்டு வளையம் பிடிக்க மேலே மரை மிஞ்சவில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் வேறொரு மலிவு. இது உயரம். ஆனால் வாய் விளிம்பு கத்தி. சுழன்று வரும் கூடு துளி விலகினாலும் விளிம்பில் மோதி நசுங்கியது. அதையும் திருப்பினாள்.

"இந்த ரெண்டு மலிவையும் சேத்துப் பாத்தா உசத்தியே ஒண்ணு வாங்கியிருக்கலாமே" என்றார் ஓரின்.

"உசத்தி வாங்கினா ஒரே நாள்ல முடிஞ்சிருமே. அப்புறம் உங்க மூஞ்சிய யாரு பாக்கறது?"

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "டுவேன் வந்திருந்தான். மலிவா பிரஸ் இருக்கான்னு கேக்கறான். நீ டை தேடறே, அவன் பிரஸ் தேடறான். ஏம்மா, உங்க ரெண்டு பேரையும் கட்டி ஒரே கொட்டகையில தள்ளிட்டா என் கடை வியாபாரம் என்னாகுறது?"

மார்லிஸ் சிரிக்கவில்லை.

"வாங்கினானா?"

"இல்ல. யோசிச்சு வரேன்னு போனான். உன்ன மாதிரியேதான் பொறுக்கிப் பொறுக்கிப் பாத்தான்."

அவள் அலமாரியின் கீழ்த்தட்டைத் துழாவினாள். பிறகு ஜனவரியில் திருப்பிக் கொடுத்த அதே பெட்டியை எடுத்துக் கல்லாவில் வைத்தாள்.

"இதானே உயரம் பத்தலேன்னு குடுத்தே?"

"எனக்குப் புத்தி பத்தல அப்ப. கட்டுங்க."

அந்த வாரம் முழுதும் வேலை விட்டு வந்ததும் கொட்டகையில்தான் இருந்தாள். டையைத் திருகிவிட்டு, பூட்டு வளையத்தை மேல்தட்டின் மேலே போடாமல் அதன் கீழ்ப்புறமாகப் போட்டு இறுக்கினாள். பிடித்தது. கைப்பிடியை இழுத்தாள். முதல் கூடு வழுக்கிக்கொண்டு ஏறி, நெருங்கி, இறங்கி, பளிச்சென்று வந்து நின்றது. அவள் "ம்" என்றாள். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை டுவேன் வந்தான். கொட்டகை வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மறு கையில் பழைய டைகள்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும், மார்லிஸ். எங்கிட்ட சும்மா கிடக்கு."

"சும்மா கிடந்தா எண்ணெய் தடவி வை. துருப்பிடிச்சிரும்."

அவன் உள்ளே வந்து பிரஸ்ஸைக் குனிந்து பார்த்தான். அவன் மேல்சட்டையிலிருந்து டீசலும் புகையிலையும் கலந்த பழைய வாசனை வந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வளையத்தைக் கீழ போட்டுருக்கியே."

"ஆமா."

"எனக்கு இது தோணியிருக்காது." நிமிர்ந்தான். "மார்லிஸ், நான்தான் வந்துட்டேனே."

"வந்துட்டே. நான் ஜன்னல விட்டு நகந்தப்புறம் வந்தே."

"சரி" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு டைகளை எடுத்துக்கொண்டு போனான். அவன் வண்டிச் சத்தம் தார்ச்சாலையில் ஏறித் தேயும்வரை அவள் கையில் ஒரு கூட்டை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் தூரம்தான். பிறகு கூட்டைத் தட்டில் வைத்து இழுத்தாள்.

மே மாத முதல் போட்டிக்குப் போனாள். ஜல்லிப் பள்ளத்தில் அவள் வண்டி இறங்கியதைப் பார்த்ததும் ஓரின் கையிலிருந்த நேரம் குறிக்கும் கடிகாரத்தை ஆட்டி, "எழுந்து நில்லுங்கப்பா, ராணியம்மா வந்தாச்சு!" என்று கத்தினார். மார்லிஸ் சுட்டாள். ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்துச் சாய்ந்தன. எல்லோரும் கத்தினார்கள். பின்னால், வண்டிகளோரம், டுவேன் மட்டும் கத்தாமல் தலையை ஆட்டினான். திரும்பிப் பார்க்காமலே அவளுக்கு அது தெரிந்தது.

அடுத்து அவன் முறை. அவன் சுட்டு முடித்ததும் வழக்கம்போல் எல்லோரும் வாளிகளோடு இறங்கிக் கூடு பொறுக்கினார்கள். இன்னாருடையது என்று தெரிய அவரவர் கூட்டின் அடியில் ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். புல் வேரில் கிடந்த ஒன்றை மார்லிஸ் எடுத்தாள். அடியில் நீல மையில் ஒரு கோடு. டுவேனுடையது. இன்னும் சூடு ஆறவில்லை.

"மார்லிஸ், என்னுது ஏதாச்சும் அங்க கிடக்கா?" என்று அவன் அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"இல்ல" என்றாள் அவள். வலக்கையை இறுக மூடிக்கொண்டு, மீதிக் கூடுகளை இடக்கையாலேயே பொறுக்கத் தொடங்கினாள்.