கொடி போட்ட பனியன்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு என் கணவர் வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போனார். பெட்டி அடுக்கியவள் நான்தான். கடல் கொண்டுபோனது போக வீட்டில் நல்ல துணியே இல்லை. நிவாரணமாக மூட்டை மூட்டையாக வந்த பழந்துணியில் பாதியை ஊரில் யாரும் தொடவில்லை; சாலையோரம் மழையில் கிடந்து நனைந்தது. அதற்குள் ஒரு பனியன் மட்டும் புத்தம் புதிதாக, கெட்டியாக இருந்தது. நெஞ்சு நிறைய அமெரிக்கக் கொடி. கொடியில் என்ன இருக்கிறது, துணி துணிதானே என்று மடித்து வைத்த புத்திசாலி நான்.

அவர் போன பத்தாம் நாள் பக்கத்து வீட்டு டிவியில் ஈராக்கைக் காட்டினார்கள். தெருவில் அமெரிக்கக் கொடியைப் போட்டு எரிக்கிறார்கள். முகத்தை மூடியவர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். எனக்குப் பனியன் ஞாபகம் வந்தது. அவர் இருந்தது வேறு நாடு. ஆனாலும் அரபி என்றால் எனக்கு அந்த முகமூடிக்காரர்கள்தான். வேறு அரபியை நான் எங்கே கண்டேன்? ஃபோன் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. மாமியாரிடம் சொல்லவும் பயம், இளைய மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். சாயந்திர ஜெபமாலையில் மட்டும், அரபி கையிலிருந்து இவரைக் காப்பாற்றும்படி ஒரு பரலோக மந்திரம் கூட்டிச் சொன்னேன்.

"இது ஆருக்கு, ஏட்டி?" என்றார் மாமியார்.

"சும்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எடுத்ததும் கத்தினேன். "அந்தக் கொடி போட்ட பனியனக் கடல்ல எறிஞ்சிருங்க!"

அவர் சிரித்தார். "உடுத்தாச்சு ஏட்டி. அர்பாப் கண்டும் ஆச்சு."

அர்பாப் என்றால் படகு முதலாளி. அவர் வீட்டு டிவியில் அமெரிக்கா என்றால் டாங்கியும் இடிந்த வீடும்தானாம். பனியனைக் கண்டதும் முகம் கறுத்து, யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். வேலை போச்சு என்றே இவர் நினைத்தாராம். கூட இருந்த மலையாளி ஒருவர்தான் கடல் வந்ததையும் மூட்டை வந்ததையும் அரபியில் சொல்லியிருக்கிறார்.

"அர்பாப் பனியனத் தொட்டுப் பாத்தாரு. 'அவங்க துணியும் அனுப்புவாங்களா'ன்னாரு. பொறவு, வீட்டுல யாரக் கடலு கொண்டுபோச்சுன்னு கேட்டாரு. தம்பியச் சொன்னேன். தோள்ல கை வச்சாரு. மறுநாளு அவருக்க சட்டை ரெண்டு கொண்டு தந்து, 'கரைக்கு வரும்போ இத மேல போட்டுக்கோ, இங்க எல்லாரும் நான் பாக்குற டிவியத்தான் பாக்குறாங்க'ன்னாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் மறுபடி ஒரு பரலோக மந்திரம் கூட்டிச் சொன்னேன். மாமியார் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். "இது அந்த அர்பாபுக்கு," என்றேன்.

மாமியார் மறுபடி மணியை உருட்டத் தொடங்கினார்.

"பனியன் அனுப்புனவனுக்கும் ஒண்ணு சொல்லுட்டி. அவன் டிவியில நம்மளப் பொணமாத்தானே கண்டிருப்பான். ஆனாலும் புதுசால்லா அனுப்பியிருக்கான்."