கிணற்று மனு

அரூர் பக்கம் ஒரு பேரூராட்சியில் எழுத்தராக இருக்கிறேன். எந்த மனுவை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று குறிப்பது என் வேலை. பொதுக்கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கேட்டு ஒருவர் கொடுத்த மனுவை, மேலே அனுப்பியாயிற்றே என்று முடித்து, மூன்றாண்டு போட்டேன். கெடு முடிந்ததும் கிழித்துவிட்டோம். சுவர் வரவேயில்லை.

அடுத்த மாதமே அவருடைய சின்ன மகள் அந்தக் கிணற்றில் விழுந்து இறந்தாள். காரியம் முடிந்து அவர் வந்தார்.

"அந்த மனுவ ஒருக்கா குடுங்க சார். நான் எழுதியே குடுக்கலைன்னு வூட்டுக்காரி அழுவறா. காட்டிட்டு திருப்பிக் குடுத்துடறேனுங்க."

நானே அவர் வீட்டுக்குப் போய், மனு கொடுத்தது உண்மை என்றேன். "காயிதம் எங்கீங்க?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

இப்போதெல்லாம் இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் எந்த மனுவுக்கும் நான் ஆண்டு போடுவதில்லை.