மூன்று குத்து வைத்த வண்டி

காலை ஏழு பத்து. 2007, ஆயுத பூஜை நாள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைத் தகரம். பழைய மாதிரி மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன்பக்கம், பந்தய வண்டிகளில் எண் எழுதும் இடத்தில், அதைத் திருகி வைத்திருந்தார்கள். எண் இல்லை. நடுவில் ஒரு செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. இருபது அடி தூரத்தில் எழுத்து தெரியாது. பத்தியின் அகலமும் தலைப்பின் தடிமனும் தெரிந்தன. எங்கள் பத்திரிகை, மாவட்டச் செய்திப் பக்கத்தின் கீழ்மூலை. நான் எழுதியது.

அந்த வண்டியைச் செய்தவரை எல்லோரும் ஃபோர்மேன் என்றே கூப்பிட்டார்கள். மஸ்கட்டில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு 2004-இல் ஊர் திரும்பியவர், அந்தச் சாலையிலிருந்த பெரிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இனி உதவாது என்று கழிக்கும் ஒவ்வொரு சாமானிலும், கூர்மையான பஞ்ச் ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டி, முக்கோணமாக மூன்று குத்து வைப்பார். யாரும் மறந்துபோய் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. "ஒருத்தன் உசிரு இதுலதான் தொங்குது" என்பார். கழித்த சாமான்கள் பின்கட்டில் ஒரு டிரம்மில் கிடக்கும். முதலாளி அவற்றை வெளியே கொடுத்து மெருகேற்றி, பெயின்ட் அடித்து, புதுச் சாமான் என்று விற்றுக்கொண்டிருந்தது ஃபோர்மேனுக்கு ஒரு வருடம் தெரியாது.

மணக்குடி மீன் வியாபாரி ஒருவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. பின்சக்கரத்தின் நடுக்கூடு பிளந்திருந்தது. பெயின்டைச் சுரண்டினால் மூன்று குத்து. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே ஃபோர்மேன் அதை முதலாளியின் மேசைமேல் வைத்தார். மறுநாள் ஃபோர்மேனின் சோற்றுப் பையிலிருந்து ஒரு புதுக் கார்புரேட்டர் கிடைத்தது. காவல் நிலையத்தில் மாலைவரை உட்கார வைத்து, வழக்கில்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தது மதியம். உதிரிபாகம் திருடிய மெக்கானிக் சிக்கினார் என்று நான்கு வரி எழுதினேன். வயதும் ஊரும் பெயரும் சேர்த்து. அவருடைய ஊரான சுசீந்திரம் எங்கள் அலுவலகத்திலிருந்து அரைமணி நேரம்கூட இல்லை. நான் போகவில்லை. மாலையில் அவரை விட்டுவிட்டதையும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் எந்தப் பட்டறையும் அவரை உள்ளே விடவில்லை. அவருடைய மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் செய்தியைக் காட்டி விலகிக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கோபத்தில் கத்துகிற மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடுவார்கள். ஃபோர்மேன் கத்தவே இல்லை. எஞ்சின் பிரிக்கிறவர் நட்டுகளை வரிசையாகத் துணியில் அடுக்கி வைப்பதுபோல இரண்டு வருடம் அடுக்கினார். அந்தப் பட்டறையில் சாமான் மாற்றியவர்கள் யார் யாரென்று அவருக்கு நினைவிருந்தது. கடற்கரை ஊர்களுக்கும் குலசேகரம் ரப்பர் தோட்டங்களுக்கும் பேருந்தில் போனார். கையில் ஒரு நல்ல சாமானும் ஸ்பேனர் பையும். நல்லதை மாட்டிக் கொடுத்துவிட்டு, குத்து உள்ள பழையதை வாங்கிக்கொள்வார். முன்ஃபோர்க் ஒருவரிடம், சக்கரக் கூடு ஒருவரிடம், ஃபோர்க்கைப் பிடிக்கும் இரும்புக் கட்டை இன்னொருவரிடம். இப்படிப் பதினொரு சாமான். மிச்சத்துக்குப் பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடைகளில் தேடி, இருபது வருடப் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை எடுத்துப் புதிதாக்கினார். எல்லாவற்றையும் சேர்த்து அவர் கட்டியது ஓர் எண்டூரோ வண்டி, காடுமேட்டில் பந்தயம் ஓட்டும் வகை. மஸ்கட்டில் பாலைவனத்தில் ஓட்டுகிறவர்களின் பழைய வண்டிகளை அவர் பழுது பார்த்திருக்கிறார்: உயரமான மட்கார்டு, நீண்ட ஃபோர்க், பல் வைத்த டயர். ஏன் இந்த மாதிரி என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். "இதுலதான் மூடி மறைக்க ஒண்ணும் கிடையாது" என்றார்.

அந்தப் பட்டறையில் ஆயுத பூஜையன்று வாடிக்கையாளர்களின் வண்டிகளைச் சாலையோரம் வரிசையாக நிறுத்தி, முதலாளியே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைப்பார். முந்தின நாள் ஃபோர்மேன், அந்த நான்கு வரியை எழுதியது யாரென்று அலுவலகத்தில் விசாரித்து எனக்கு போன் செய்து, "ஏழு மணிக்கு வாரும். நீர் பாக்கணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். சுசீந்திரத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எஞ்சின் ஓடாதா என்றேன்.

"நான் கழிச்ச சாமான்ல நானே ஏறுவனா வேய்?"

நான் தகரத்தைப் பார்த்தது அவருக்குத் தெரிந்ததும், கையிலிருந்த செவ்வந்தி மாலையை அதன்மேல் போட்டு மூடினார். வண்டியை வரிசையில் ஒன்பதாவதாக நிறுத்திவிட்டு என்னோடு எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் வந்து நின்றார். மணக்குடி மீன் வியாபாரியும் அங்கே இருந்தார்.

முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஒன்பதாவது வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "யாரு வண்டி டேய் இது? ராசா மாதிரில்லா நிக்கு!" டேங்கில் சந்தனம், ஹேண்டிலில் சந்தனம். பிறகு ஃபோர்க் கட்டையில் விரல் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. கட்டை விரலால் சந்தனத்தைத் துடைத்துக் குனிந்து பார்த்தார். அதற்குள் ஃபோர்மேன் சாலையைக் கடந்திருந்தார்.

கூட்டம் சேர்ந்தது. முதலாளி குரலை உயர்த்தினார். "களவாணிப் பய வச்ச குத்து. குத்து இருந்தா கழிச்சதாயிருமா? என் கடையில வித்ததெல்லாம் நல்ல சாமான்தாம்ல."

ஃபோர்மேன் இதற்குத்தான் இரண்டு வருடம் காத்திருந்தார். கிக்கரை மிதித்தார். ஒரே மிதியில் எஞ்சின் எழுந்தது. நீலப்புகை வரிசை முழுவதும் பரவியது. விலகி நின்று கையை நீட்டினார்.

"அப்போ ஏறும் மொதலாளி. சுசீந்திரம் பாலம் வரைக்கும் ஒரு போக்கு போயிட்டு வாரும்."

முதலாளி ஹேண்டிலில் கை வைத்தார். கீழே கட்டையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"ஏறும், பொறத்தால நானும் ஏறுதேன்" என்றார் மீன் வியாபாரி, வளைந்த மணிக்கட்டை உயர்த்திக் காட்டி. "எனக்கு மாட்டித் தரும்போ இந்தப் பயம் இல்லியே மக்கா!" யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். என் கைக்கடிகாரப்படி ஏழு ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தைந்துவரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஏறவில்லை. முதலாளி கிண்ணத்தோடு உள்ளே போனார். பத்தாவது வண்டிக்கு அன்று சந்தனம் வைக்கவில்லை.

ஃபோர்மேன் எஞ்சினை அணைத்து, மாலையை எடுத்தார். என்னை அருகே கூப்பிட்டார். செய்தித் துண்டின் மேல், தகரத்தையும் துளைத்து, முக்கோணமாக மூன்று குத்து. "பதினொண்ணு அவருக்கு. இது உமக்கு" என்றார்.

அன்று காலை நடந்ததை முழுதாக எழுதிக் கொடுத்தேன். அன்றைய இதழில் அந்தப் பட்டறையின் ஆயுத பூஜை வாழ்த்து விளம்பரம் அரைப்பக்கம் வந்திருந்தது. ஆசிரியர் தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். நான் திருப்பிக் கேட்கவில்லை. இருந்தும் செய்தி மீன் வண்டிகளிலேயே மாவட்டம் முழுதும் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை வருடத்தில் பட்டறையின் ஷட்டர் இறங்கியது. மூடுவதற்கு முன் முதலாளி சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். "பேப்பர்ல போட்டத பேப்பர்லயே மாத்திப் போடச் சொல்லும். பொறவு பேசலாம்" என்று ஃபோர்மேன் திருப்பி அனுப்பினார். வந்தவர் அதை என்னிடமும் சொன்னார்.

போன மாதம் ஆரல்வாய்மொழிக்குப் போயிருந்தேன். காற்றாலைகளுக்குக் கீழே அவருடைய சொந்தப் பட்டறை. மகள் மேசையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார், இந்த வருடக் காற்றைப் பற்றிப் பேசினார். வண்டி வாசலில் நின்றது. யாரும் ஓட்டிவிடாதபடி செயினைக் கழற்றி வைத்திருந்தார். தகரத்தில் என் நான்கு வரி பழுப்பேறியிருந்தது. மூன்று துளைகளின் வழியாகவும் பின்னாலிருந்த வெயில் தெரிந்தது.

அந்தச் செய்திக்கு எங்கள் பத்திரிகையில் மறுப்பு இதுவரை வெளியாகவில்லை.