இரட்டை முடிச்சுப் பைக்காரர்

பிள்ளைகளே, திருத்தணி மலையடிவாரத்தில் பக்தர்களின் பைகளைக் காத்துத் தரும் நம் கடைக்கு ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, தூக்கமில்லாத கண்கள். பையின் வாரில் இரட்டை முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்த பிறகே மலையேறினார்.

பைக்குள் போன் விடாமல் அடித்தது. வீட்டில் என்ன அவசரமோ என்று உங்கள் அம்மா முடிச்சை அவிழ்த்துப் போனை எடுத்துப் பேசினாள்.

அவர் இறங்கி வந்ததும் முடிச்சைத்தான் பார்த்தார். "யாருங்க அவுத்தது?"

"நான்தாண்ணா. போன் அடிச்சிக்கினே இருந்துச்சு, பயந்துட்டேன். கையெழுத்து போட்டாச்சான்னு கேட்டாங்க."

அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்களாச்சும் எதுக்குத் திறந்தீங்கன்னு சொல்றீங்கம்மா. அங்க திறந்தவங்க சொல்லலையே." பிறகு விஷயத்தைச் சொன்னார்.

ஓர் ஆஸ்பத்திரி தன் நோயாளிகளின் விவரங்களை வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் வாடகைக்கு வைத்திருக்கிறதாம். அந்தக் கம்பெனி ஆட்கள் எப்போது, எதற்காக அதைத் திறந்தார்கள் என்று சரிபார்ப்பது இவர் வேலை. ஒருவன் காரணம் எழுதி வைக்காமல் திறந்திருக்கிறானாம். கேட்டால், ரிப்பேருக்குத்தான் என்கிறார்களாம். இருந்தும் எல்லாம் ஒழுங்கு என்று இவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"போடாதீங்க சார்," என்றேன்.

"நான் போடலைன்னா வேற ஆளு போடுவாருங்க."

"எந்த ஆஸ்பத்திரி சார்?"

"அத வெளிய சொல்லக்கூடாதுங்க."

மறுபடி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, அரக்கோணம் பஸ் ஏறிவிட்டார்.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, ஆஸ்பத்திரியில் பேரும் வயதும் நோயும் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அந்தப் பைக்காரர் சொன்ன ஆஸ்பத்திரி இதுதானோ, அவர் கையெழுத்துப் போட்டாரோ இல்லையோ என்று நினைத்தபடி அந்தக் கவுன்டரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.